ஸ்பாட்லைட் டிம் அடிக்குது அண்ணா: நரி வேட்டை விளக்கை எடுப்பதும் பழுது பார்ப்பதும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ரிவெரினா பக்கம் செம்மறிகள் குட்டி போடத் தொடங்கிவிட்டால் என் பட்டறைக்கு ஒரே மாதிரி வண்டிகள் வரும். யூட் என்று இங்கே சொல்லும் பிக்கப் வண்டியின் கூரையில் இரண்டு ஸ்பாட்லைட், பின்சீட்டில் சுருள் வயரோடு ஒரு கைலைட், ஓட்டி வந்தவர் முகத்தில் தூக்கக் கலக்கம். ராத்திரியில் நரி வந்து குட்டியைத் தூக்கியிருக்கும். கேட்பதும் ஒன்றுதான்: "இதைவிடப் பெரிய லைட் இருக்கா?"

நான் கோயம்புத்தூரில் லாரி வயரிங் கற்றுக்கொண்டு இங்கே வந்தவன். என் அனுபவத்தில், இப்படிக் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் புது லைட் தேவைப்படாது. இருக்கிற லைட்டுக்குப் போய்ச் சேரவேண்டிய கரண்ட் போய்ச் சேரவில்லை. அல்லது லைட் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ஆகவே கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் கீழே உங்கள் கோளாறு எதுவென்று பார்த்துவிடுங்கள். கையில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால் போதும்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். ஆஸ்திரேலியாவில் கதை வேறு. முயலும் நரியும் இந்த மண்ணின் விலங்குகள் அல்ல. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணைக்காரர் விக்டோரியாவில் வேட்டை விளையாட்டுக்காக அவிழ்த்துவிட்ட இரண்டு டஜன் முயல்தான் கண்டம் முழுக்கப் பெருகியது. நரியும் அதே விளையாட்டுக்காகக் கொண்டுவரப்பட்டதுதான். இன்றைக்கு இரண்டையும் ஒழிப்பது பண்ணைக்காரரின் வேலைகளில் ஒன்று. அதற்கும் துப்பாக்கி உரிமம் வேண்டும், நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். எல்லா விலங்குக்கும் இது பொருந்தாது: கங்காருவுக்குத் தனி அனுமதி தேவை, விக்டோரியாவின் பொது நிலத்தில் மான்மேல் ஸ்பாட்லைட் அடித்து வேட்டையாடுவது குற்றம்.

"கடையில பளிச்னு இருந்துச்சு, வண்டியில மாட்டினதும் டிம் அடிக்குது"

அதிகமாக வரும் கோளாறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன், புது 100 வாட் ஹாலஜன் ஜோடியை அவனே மாட்டிவிட்டு மறுவாரம் வந்து நின்றான். "அண்ணா, பழைய ஹெட்லைட்டே தேவலாம்போல இருக்கு." இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு அளந்தேன். பேட்டரியில் 13.8 வோல்ட். லைட்டின் முனையில் 11.9.

இரண்டு வோல்ட்டுக்கும் குறைவுதானே என்று தோன்றும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை; வோல்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்கோடு சேர்ந்து விழும். 14 சதவீத வோல்டேஜ் போனால் வெளிச்சத்தில் 40 சதவீதம் போய்விடும். அவன் இரண்டு லைட்டுக்குக் காசு கொடுத்து, ஒன்றே கால் லைட்டை எரித்துக்கொண்டிருந்தான்.

சோதிப்பது எளிது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். லைட் எரியும்போது ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை லைட்டின் பாசிட்டிவிலும் வைத்தால், காட்டும் எண்தான் அந்தப் பக்க வயர் விழுங்கிய வோல்டேஜ். அப்படியே நெகட்டிவுக்கு நெகட்டிவ். இரண்டையும் கூட்டினால் அரை வோல்ட்டைச் சுற்றி நிற்கவேண்டும். 1 வோல்ட்டைத் தாண்டினால் லைட்டைக் குறை சொல்லாதீர்கள்.

நெகட்டிவ் பக்கம்தான் அதிகமா? எர்த் பிடிக்கவில்லை. கூரை ரேக்கில் போல்ட் போட்டு எர்த் எடுப்பார்கள். ரேக்கோ பெயின்ட் மேல் ரப்பரோடு உட்கார்ந்திருக்கும். பின்னால் சாமான் ஏற்றும் அலுமினியத் தட்டு வைத்த யூட்டிலும் இதே கதை. எர்த்துக்குத் தனி வயர் இழுத்து, பெயின்ட் சுரண்டிய பாடியில் லக் (வயர் முனையின் உலோக வளையம்) வைத்து முறுக்குங்கள். பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே சிறு பெட்டிபோல் சென்சார் உள்ள புதிய வண்டிகளில் அந்த முனையில் நேராக மாட்டாதீர்கள், பாடியில் எடுங்கள். இல்லாவிட்டால் வண்டியின் கம்ப்யூட்டருக்கு நீங்கள் எடுக்கும் கரண்ட் தெரியாது, அதற்கேற்ப சார்ஜும் செய்யாது.

பாசிட்டிவ் பக்கம் அதிகமென்றால் வயர் மெலிசு. இங்கே ஒரு பொறி இருக்கிறது, ஊரில் பழகிய நான் முதல் மாதமே அதில் விழுந்தேன். ஆஸ்திரேலியக் கடையில் "4 மிமீ ஆட்டோ வயர்" என்றால் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு அல்ல. மேல் உறையோடு சேர்த்த விட்டம் அது. உள்ளே இருக்கும் செம்பு 1.84 சதுர மிமீதான். "6 மிமீ" என்பதில் 4.6 சதுர மிமீ. இரண்டு 100 வாட் ஹாலஜன் 12 வோல்ட்டில் 16.7 ஆம்ப் இழுக்கும். பேட்டரியிலிருந்து கூரைக்குப் போக 5 மீட்டர், வர 5 மீட்டர் என்று வைத்தால் "4 மிமீ" வயர் ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். "6 மிமீ" என்றால் 0.6 வோல்ட். அதற்கு மேல், 8 பி அண்ட் எஸ் என்ற தடிமன் எண்ணோடு விற்கும் கிட்டத்தட்ட 8 சதுர மிமீ வயரில் 0.36 வோல்ட்தான். நான் கூரை லைட்டுக்கு இதைத்தான் இழுக்கிறேன், விலை கூடத்தான்.

டாஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே லைட்டுக்கு முழுக் கரண்ட்டும் போகிறதா என்றும் பாருங்கள். போகக்கூடாது. சுவிட்ச் ரிலேயை மட்டும் எழுப்பட்டும், பெரிய கரண்ட்டை ரிலே திறந்து மூடும். அதன் முனை எண்கள்: 85, 86 சுருளுக்கு, 30-ல் பேட்டரி, 87-ல் லைட். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். நடுவழியில் போட்டால், அதற்கு முன்னால் வயர் உராய்ந்து பாடியைத் தொட்டால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது. காய்ந்த புல்லில் நிற்கும் வண்டியில் அது வயரோடு முடிகிற சேதம் அல்ல.

எல்இடி வைத்திருப்பவருக்கு இந்த டிம் கதை பெரும்பாலும் வராது. நல்ல எல்இடி லைட்டின் உள்ளே டிரைவர் சர்க்யூட் இருக்கும். வோல்டேஜ் குறைந்தால் அது கரண்ட்டைக் கூட்டி வெளிச்சத்தைச் சமாளிக்கும். டிரைவர் சமாளிக்கும் அளவுக்குக் கீழும் வோல்டேஜ் இறங்கினால் மங்காது. மினுக்கும், அல்லது சட்டென்று அணையும். எல்இடி மினுக்கினாலும் முதலில் இதே சோதனையைச் செய்யுங்கள்.

தம்பியின் வண்டிக்கு வயர், ரிலே, எர்த் மூன்றும் மாற்றினேன். லைட் பழையதேதான்.

"பெட்டியில 1 கிலோமீட்டர்னு போட்டிருக்கான், 250 மீட்டர்ல ஒண்ணும் தெரியலை"

பெட்டி பொய் சொல்லியிருக்கவேண்டும் என்றில்லை. வேறு மொழியில் சொல்லியிருக்கும். கை டார்ச்சுகளில் தூரம் போடும் பொது முறைப்படி, வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம்தான் அதன் "தூரம்" (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). 0.25 லக்ஸ் என்பது கிட்டத்தட்ட பௌர்ணமி நிலவு வெளிச்சம். நிலவொளியில் 1 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் நரி உங்களுக்குத் தெரியுமா? வண்டி லைட்டுக்காரர்கள் பெரும்பாலும் 1 லக்ஸ் கணக்கில் போடுவார்கள். அதனால் ஒரே லைட்டை டார்ச் கணக்கில் போட்டால் தூரம் இரண்டு மடங்காகத் தெரியும்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: ரோமத்தையும் வாலையும் பார்த்து இன்னது என்று சொல்ல 4 லக்ஸாவது வேண்டும். ஆக, கை டார்ச்சில் போட்ட தூரத்தை நான்கால் வகுங்கள். 1 லக்ஸ் கணக்கில் போட்ட வண்டி லைட்டை இரண்டால் வகுங்கள். பெட்டியில் 1 கிலோமீட்டர் போட்ட டார்ச் உங்களுக்கு 250 மீட்டர் லைட். அதுவும் காற்று சுத்தமாக இருந்தால்.

தூரம் இரண்டு மடங்கு வேண்டுமென்றால் ஒளிச்செறிவு நான்கு மடங்கு வேண்டும். "இன்னும் கொஞ்சம் பவர்" என்று வாங்குபவர் ஏமாறுவது இங்கேதான். 20 சதவீதம் கூடுதல் கேண்டெலா (ஒளிச்செறிவின் அளவு) உங்களுக்குத் தருவது 10 சதவீதத்துக்கும் குறைவான தூரம். லூமென் எண்ணைப் பார்த்து வாங்கவே வாங்காதீர்கள். லூமென் என்பது லைட் மொத்தமாகக் கொட்டும் வெளிச்சம். அது எவ்வளவு குறுகி ஓர் இடத்தில் விழுகிறது என்பதைக் கேண்டெலாதான் சொல்லும். தூரத்துக்குப் பாய வைப்பது ரிஃப்ளெக்டரின் அகலம். சிறிய ஒளிமூலம், அகலமான கிண்ணம்: அதுதான் வேட்டை லைட். வரிசையாகச் சின்ன எல்இடி பதித்த நீள பார் லைட் பக்கத்துக்கு அருமை. கங்காரு குறுக்கே பாயும் மண் சாலைக்கு வையுங்கள், நரிக்கு வேண்டாம்.

"10 மில்லியன் கேண்டில் பவர்" என்று விலை மலிந்த கைலைட் வரும். ஒரு மில்லியன் கேண்டெலா உண்மையாகவே இருந்தால் 1 கிலோமீட்டரில் 1 லக்ஸ் விழும். பத்து மில்லியன் என்றால் 3 கிலோமீட்டர் தாண்டி. அந்தப் பெட்டியை இந்தக் கணக்கோடு கையில் வைத்துக்கொண்டு பாருங்கள், சிரிப்பு வரும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் துப்பாக்கி எட்டும் தூரத்துக்கு மேல் லைட் எட்டி என்ன பயன்? முயலுக்குப் பாயிண்ட் டூ டூ என்ற சின்ன ரைஃபிள் வைத்திருப்பவர் சுடுவது 100 மீட்டருக்குள். அவருக்கு 500 மீட்டர் குறுகிய கதிர் தொந்தரவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முயல் அந்த ஊசிக் கதிருக்கு வெளியே இருக்கும்.

"கண்ணு மின்னுது, என்ன மிருகம்னு தெரியலை"

அப்போது சுடக்கூடாது, அவ்வளவுதான். லைட்டின் கோளாறு பற்றிப் பிறகு பேசலாம்.

நரி, நாய், பூனை, செம்மறி, மாடு இவற்றின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடிபோல் ஒரு படலம் உண்டு. வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். நரியும் நாயும் ஒரே குடும்பம். கண் மின்னுவதை மட்டும் வைத்து, அது குட்டி திருட வந்த நரியா, அடுத்த பண்ணைக்காரரின் கெல்பி என்ற ஆட்டு மேய்ச்சல் நாயா என்று யாராலும் சொல்ல முடியாது. காட்டுப்பன்றிக்கு அந்தப் படலமே கிடையாது. சிவப்புக் கங்காருவுக்கும் முயலுக்கும் கிடையாது. ஆகவே கண்ணைத் தேடியே லைட்டைச் சுழற்றுபவர், பத்துப் பன்றி நிற்கும் வயலை "காலி" என்று கடந்துபோவார். பன்றிக்கு உருவத்தைத்தான் தேடவேண்டும்.

படலம் வெளிச்சத்தை வந்த வழியே அனுப்புவதால், லைட் உங்கள் கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு பளிச்சென்று தெரியும். தலையில் கட்டும் டார்ச்சில் புல்லுக்குள் சிலந்திக் கண்கூட மின்னுவது இதனால்தான். லைட் பிடிப்பவர் "அதோ, அதோ" என்பார். இரண்டடி தள்ளி நிற்பவருக்கு மங்கலாகத்தான் இருக்கும். அவர் பார்வை மோசம் என்று சண்டை போடாதீர்கள்.

இனி லைட். உருவம் தெரிந்தும் நரியா என்று பிடிபடவில்லை என்றால், வெளிச்சத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைப் பெட்டியில் கெல்வின் எண்ணால் போடுவார்கள்; 6500 கெல்வின் நீல வெள்ளை எல்இடியில் சிவப்பு குறைவு. நரியின் செம்பழுப்பு அதில் சாம்பலாகிவிடும், காய்ந்த புல்லோடு கலந்துவிடும். பழைய ஹாலஜனில் நரி நரியாகவே தெரிந்தது என்று பெரியவர்கள் சொல்வது வெறும் பழம்பெருமை இல்லை. எல்இடி வாங்கும்போது 4000 முதல் 5000 கெல்வின் உள்ளதாக, நிறம் காட்டும் குறியீடு (பெட்டியில் CRI) கூடுதலாக உள்ளதாகப் பாருங்கள். பெட்டியில் லூமென் எண் குறைவாக இருக்கும். பரவாயில்லை.

"வெளிச்சம் எனக்கே கண்ணைக் கூசுது"

யாருக்குக் கூசுகிறது என்பதில்தான் விடை. ஓட்டுபவருக்கு என்றால் பானட்டில் பட்டுத் திரும்புகிறது. கூரை லைட்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் கூரையின் முன்விளிம்பே பானட்டுக்கு நிழலாகிவிடும். தட்டில் நிற்பவருக்கு என்றால், நேர்மாறாக, கூரையே வெளுத்து எரிகிறது. அங்கே பளபளப்பில்லாத கறுப்பு ரப்பர் பாயை விரித்தால் போதும். வெள்ளை யூட் வாங்கியவர்கள் எல்லாருக்கும் இது வரும்; இங்கே வெள்ளை அல்லாத யூட் அபூர்வம்.

ஸ்கோப்புக்குள் வெள்ளையாகப் பரவுகிறதா? கைலைட் பிடிப்பவர் சுடுபவருக்குப் பின்னால் நிற்கிறார். ஒளி ஸ்கோப்பின் பின்கண்ணாடியில் விழுகிறது, குழலும் பளபளக்கிறது. அவரைப் பக்கவாட்டில், தோளுக்கு மேல் உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். சுடும் குழலுக்கு முன்னால் எக்காரணம் கொண்டும் போகக்கூடாது. தூசி, பனிமூட்டத்தில் எந்த லைட்டும் சுவரைத்தான் காட்டும். பவரைக் கூட்டினால் சுவர் இன்னும் வெளுக்கும். வீட்டுக்குப் போய்ப் படுங்கள்.

"கைலைட் அஞ்சு நிமிஷத்துல மங்குது" அல்லது "பிளக் உருகிடுச்சு"

இரண்டும் வேறு வேறு.

பேட்டரி உள்ளேயே இருக்கும் எல்இடி டார்ச் சில நிமிடத்தில் மங்குவது பெரும்பாலும் பழுதே இல்லை. உச்ச வெளிச்சத்தில் சூடு ஏறியதும் தன்னைத்தானே இறக்கிக்கொள்ளும். டார்ச்சுகளை அளக்கும் பொது முறையே லைட்டைப் போட்ட முதல் இரண்டு நிமிடத்துக்குள் அளப்பதுதான். பெட்டியில் உள்ள எண் அந்த இளமைக்கால எண். உச்சம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், ஒரு மணி நேரம் தொடர்ந்து தாங்கும் நிலையில் எவ்வளவு என்று கேளுங்கள். தலை கனமான, விசிறிபோல் சிறகு வெட்டிய அலுமினிய உடல் உள்ளது சூட்டைத் தாங்கும். குளிர்கால இரவில் லித்தியம் செல்லின் தெம்பு குறையும். உதிரி செல்லைச் சட்டைப் பையில் உடம்போடு வையுங்கள். ஆனால் சாவியோடும் சில்லறையோடும் வேண்டாம்.

வயர் வைத்த 100 வாட் ஹாலஜன் கைலைட் சிகரெட் லைட்டர் துளையில் 8 ஆம்புக்கு மேல் தொடர்ந்து இழுக்கும். அந்தத் துளையில் ஒரு ஸ்பிரிங் முனை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருக்கிறது. தொடர்பு லூஸானால் அங்கே சூடு, சூட்டில் ஸ்பிரிங் தளர்வு, தளர்வில் இன்னும் சூடு, கடைசியில் பிளாஸ்டிக் வழியும். ஃப்யூஸைப் பெரிதாக்கி இதைத் தீர்க்க நினைப்பவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். பேட்டரியிலிருந்து ஃப்யூஸோடு தடித்த வயர் இழுத்து 50 ஆம்ப் தாங்கும் ஆண்டர்சன் என்ற தடித்த பிளக் ஒன்றைத் தட்டின் ஓரத்தில் பொருத்துங்கள். 3 மீட்டர் சுருள் வயர் 1 சதுர மிமீ என்றால் அதுவே 0.86 வோல்ட் தின்னும், வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சுருளையும் தடித்ததாக மாற்றினால் பழைய கைலைட்டே புதுசாகும்.

பல்பு அடிக்கடி போகிறதா? ஹாலஜன் கண்ணாடியை வெறும் விரலால் தொட்டிருப்பீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகி அங்கேயே போகும். துணியால் பிடியுங்கள்.

எச்ஐடி (வாயுவுக்குள் மின்பொறி எரியும் பல்பு) கைலைட் வைத்திருப்பவர் "போட்டதும் எரியலை" என்று வருவார். அது முழு வெளிச்சத்துக்கு வரச் சில நொடி எடுக்கும். போட்டு அணைத்து, போட்டு அணைத்துத் தேடும் வேலைக்கு அது சரிப்படாது.

"நரி லைட்டைக் கண்டதும் ஓடுது"

முன்பே லைட்டில் சுட்டுத் தவறவிட்ட நரி. அது மறக்காது. நாய்க்குடும்பத்துக்குச் சிவப்பு மங்கலாகத்தான் தெரியும். சிவப்பு ஃபில்டர் உதவும். ஆனால் ஃபில்டர் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், அதனால் தூரம் சுருங்கும், நிறமும் தெரியாது. அடையாளம் காண்பது இன்னும் கடினம். வெள்ளை எல்இடிக்கு முன் சிவப்புக் கண்ணாடி போடுவதைவிடச் சிவப்பு எல்இடியே உள்ள லைட் மேல். கதிரின் நடுவை நரி முகத்தில் அடிக்காமல், கதிரின் ஓர வெளிச்சத்தில் அதை வைத்திருந்து, சுடும் நேரம் வரும்போது மட்டும் நடுவைக் கொண்டுவருவது பழைய ஆட்களின் வழக்கம். இதற்கு எந்த லைட்டும் வாங்கவேண்டாம்.

"லைட் போட்டா ரேடியோ கரகரங்குது"

எல்இடி டிரைவரின் இரைச்சல். இங்கே பண்ணைக்காரர்கள் பேசிக்கொள்ளும் யூஎச்எஃப் சிபி ரேடியோ 476 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. மலிவு லைட்டுகள் அதைக் கெடுத்துவிடும். ஆன்டெனாவை லைட்டிலிருந்து தள்ளி வையுங்கள், வயர்களைச் சேர்த்துக் கட்டாதீர்கள், வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டுங்கள். அப்படியும் போகவில்லை என்றால் லைட்டைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு வண்டியில் ஆட்கள் இருக்கும் இரவில் ரேடியோதான் லைட்டைவிட முக்கியம்: எதிர்ப்பக்கம் யார் எங்கே நிற்கிறார் என்று அது மட்டும்தான் சொல்லும்.

"விடியக்காலை வண்டி கிளம்பலை"

இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு ஹாலஜனையும் எரித்திருப்பீர்கள். 60 ஆம்ப்-ஹவர் பேட்டரியின் பாதியை 16.7 ஆம்ப் இரண்டு மணி நேரத்துக்குள் தின்றுவிடும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டுவது நிறைந்த பேட்டரி, 12.2 பாதி, அதற்குக் கீழே குளிரில் டீசல் இன்ஜினைச் சுற்றவைக்கும் என்று நம்பாதீர்கள். நின்ற இடத்தில் தேடுபவர் எல்இடிக்கு மாறுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே நியாயமான காரணம் இது. அல்லது தனியாக, ஆழமாகத் தீர்ந்தாலும் தாங்கும் ஒரு டீப் சைக்கிள் பேட்டரி, நடுவில் இரண்டு பேட்டரியையும் பிரித்துவைக்கும் ஐசொலேட்டர். இரண்டுக்கும் காசில்லை என்றால் வண்டியை மேட்டில் நிறுத்தித் தேடுங்கள். கியர் வண்டியாக இருந்தால் தள்ளியாவது கிளப்பலாம்.